விக்கித் தேடல் திருவள்ளுவரை ஏன் கண்டுபிடிப்பதில்லை

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியை நிறுவிய கையோடு பக்கத்தின் மேலே ஒரு தேடல் பெட்டி வந்துவிடுகிறது. கட்டுரைத் தலைப்பைத் தட்டினால் கட்டுரை திறக்கிறது, பாதி தட்டும்போதே கீழே பரிந்துரைகளும் விழுகின்றன. தேடல் வேலை செய்கிறது என்று தள நிர்வாகி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். தமிழ் விக்கித் தளங்களில் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

அந்த ஒரே பெட்டிக்குள் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. தட்டிய சொல் ஒரு தலைப்போடு அப்படியே பொருந்தினால், தேடலே நடக்காமல் அந்தப் பக்கம் திறக்கும். தட்டும்போது விழும் பரிந்துரைகள் பக்கத் தலைப்புகளின் தொடக்க எழுத்துகளைப் பார்த்து வருபவை. இந்த இரண்டும் பொருந்தாதபோதுதான் கட்டுரைகளின் உள்ளே இருக்கும் உரையைத் தேடும் பகுதி கண் விழிக்கிறது. முதல் இரண்டும் தமிழில் நன்றாகவே நடப்பதால் மூன்றாவது குருடாக இருப்பது வெளியே தெரிவதில்லை. சோதிக்க வேண்டுமென்றால், எந்தத் தலைப்பிலும் இல்லாமல் கட்டுரையின் நடுவில் மட்டும் வருகிற ஒரு நீளமான சொல்லை எடுத்துச் சிறப்புப் பக்கங்களில் உள்ள தேடல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ‘யாழ்ப்பாணம்’, ‘திருநெல்வேலி’, ‘கன்னியாகுமரி’ மாதிரி ஏதாவது. கூடவே ‘மதுரை’யையும் போடுங்கள். மதுரை கிடைக்கும். மற்ற மூன்றும் பெரும்பாலும் ‘பொருத்தங்கள் இல்லை’ என்றுதான் வரும்.

84 என்ற எண்

மீடியாவிக்கி மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்ற தரவுத்தளத்தின் மேல் ஓடும்போது, உரைத் தேடலுக்கு ‘சர்ச்இண்டெக்ஸ்’ என்று ஒரு தனி அட்டவணையை வைத்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பும் உரையும் அதில் ஒரு வரியாக ஏறும். பழைய மைஎஸ்க்யூஎல்லின் முழு உரை இண்டெக்ஸுக்கு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியலுக்கு) யூனிகோடு சரியாகப் புரியாது. அதனால் மீடியாவிக்கி ஆரம்ப காலத்திலேயே ஒரு குறுக்கு வழி கண்டது: ஆங்கிலமல்லாத ஒவ்வொரு எழுத்துக் குறியையும் ‘யு8’ என்ற முன்னொட்டோடு அதன் பைட்டுகளைப் பதினாறடிமானத்தில் எழுதி, வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றிப் போட்டுவிடுவது. பிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ இதனால் குறை ஒன்றும் இல்லை, ஒரு சொல்லில் ஒன்றிரண்டு எழுத்துதான் அப்படி மாறும்.

தமிழில் ஒவ்வொரு குறியும் மாறுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். பதினாறடிமானத்தில் எழுதினால் ஆறு எழுத்து, முன்னொட்டோடு சேர்ந்தால் எட்டு. நாம் ஒரே எழுத்தாகப் பார்க்கும் ‘தி’ கணினிக்கு இரண்டு குறி: த, அதன்மேல் ஒரு கொக்கி. ஆகவே ‘தி’ மட்டுமே 16 எழுத்தாகிவிடுகிறது. திருவள்ளுவரைப் பிரித்துப் பாருங்கள்: த, இகரக் கொக்கி, ர, உகரக் குறி, வ, ள, புள்ளி, ள, உகரக் குறி, வ, ர, புள்ளி. மொத்தம் 12 குறி. எட்டால் பெருக்கினால் 96.

மைஎஸ்க்யூஎல்லின் முழு உரை இண்டெக்ஸ் ஏற்கும் சொல்லின் அதிகபட்ச நீளம் 84 எழுத்து. அதைத் தாண்டிய சொல் இண்டெக்ஸில் ஏறுவதே இல்லை. வெட்டிக் குறைத்துக்கூட ஏற்றாது, சொல்லே காணாமல் போகும். மைஐசாம், இன்னோடிபி என்ற இரண்டு சேமிப்பு வகைகளிலும் இதே 84தான். அமைப்புக் கோப்பில் இந்த எண்ணைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. கணக்கு எளிது: பத்துக் குறி வரை உள்ள தமிழ்ச் சொல் கிடைக்கும், பதினோராவது குறி வந்தால் போயிற்று. ‘தமிழ்நாடு’ ஒன்பது குறி, 72 எழுத்து, தப்பிவிடும். ‘தமிழ்நாட்டில்’ 13 குறி, 104 எழுத்து, கிடைக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ‘மதுரை*’ என்று உடுக்குறி போட்டுத் தேடுகிறவருக்கு ‘மதுரையில்’ என்று வரும் பக்கங்கள் கிடைக்கும், ‘மதுரையிலிருந்து’ என்று வரும் பக்கங்கள் கிடைக்காது. முன்னது ஒன்பது குறி, பின்னது 15. பயனருக்கு இது எந்தக் கணக்கிலும் சேராத கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். தேடல் ‘சில சமயம் வேலை செய்கிறது’ என்று யாராவது சொன்னால், முதலில் அவர் தேடிய சொல்லின் குறிகளை எண்ணுங்கள்.

இதே அட்டவணையில் இன்னொரு குறையும் உண்டு. அதில் ஏறுவது மூல விக்கிநிரல், வாசகர் பார்க்கும் பக்கம் அல்ல. வார்ப்புரு (பல பக்கங்களில் செருகும் பொது அச்சு) வழியாக வந்து சேரும் உரை, தகவல்பெட்டிக்குள் வார்ப்புரு தானே எழுதிக்கொடுக்கும் சொற்கள் எதுவும் தேடலில் சிக்காது. கட்டுரையில் கண்ணெதிரே இருக்கும் சொல் தேடலில் வராமல் போவதற்கு இது இரண்டாவது காரணம்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு

இணையத்தில் கேட்டால் எல்லோரும் எலாஸ்டிக்சர்ச் போடு என்பார்கள், அது ஜாவாவில் ஓடும் தனித் தேடுபொறி. பலரோடு ஒரே சேவையகத்தைப் பகிரும், மாதம் சில நூறு ரூபாய் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஓடும் தளத்தில் ஜாவா நிரலை நாள் முழுக்க ஓடவிட மாட்டார்கள். அங்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பலரும் முயல்வதில்லை.

84 எழுத்து வரம்பை மாற்ற முடியாது, ஒரு குறிக்கு எட்டு எழுத்து என்ற ஊதாரித்தனத்தை மாற்றலாம். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி மொத்தமே 128 இடம். அதில் எந்த இடம் என்று சொல்ல இரண்டு பதினாறடிமான எழுத்து போதும். முன்னால் அடையாளத்துக்கு ‘க்யூ’ எழுத்தை வைத்துக்கொண்டால் ஒரு குறிக்கு மூன்று எழுத்து. திருவள்ளுவர் 96-லிருந்து 36-க்கு இறங்கிவிடுவார். ஏறத்தாழ 28 குறி வரை உள்ள சொற்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும். அதற்கு மேல் நீண்ட சொல் பெரும்பாலும் இடைவெளி விட மறந்த எழுத்துப்பிழையாகத்தான் இருக்கும்.

செய்யும் முறை: மீடியாவிக்கியின் மைஎஸ்க்யூஎல் தேடல் வகுப்பை நீட்டித்து ஒரு சிறு பிஎச்பி வகுப்பு எழுதுங்கள். அதில் ‘நார்மலைஸ்டெக்ஸ்ட்’ என்ற ஒரே செயற்கூறை மேலெழுதினால் போதும். முதலில் தமிழ்க் குறிகளை உங்கள் மூன்றெழுத்து முறைக்கு மாற்றுங்கள், பிறகு மிச்சத்தைத் தாய் வகுப்பின் அதே செயற்கூறிடம் ஒப்படையுங்கள். இண்டெக்ஸில் ஏற்றும்போதும் பயனரின் கேள்வியைப் பிரிக்கும்போதும் இதே செயற்கூறுதான் அழைக்கப்படுகிறது, எனவே இரண்டு பக்கமும் தானாகப் பொருந்திவிடும். லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் தேடல் வகைக்கு உங்கள் வகுப்பின் பெயரைக் கொடுத்துவிட்டு, மெயின்டனன்ஸ் அடைவில் உள்ள ‘ரீபில்ட்டெக்ஸ்ட்இண்டெக்ஸ்’ நிரலை ஒருமுறை ஓட்டுங்கள். ஓட்ட மறந்தால் பழைய பக்கங்கள் பழைய குறியீட்டிலும் புதிதாகத் தொகுத்தவை புதிய குறியீட்டிலும் நிற்கும், தேடல் முன்பைவிட மோசமாகத் தெரியும்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் கட்டளைவரி அணுகல் இல்லாவிட்டால் தரவுத்தளத்தை உங்கள் கணினிக்கு இறக்கி, அங்கே நிரலை ஓட்டி, சர்ச்இண்டெக்ஸ் அட்டவணையை மட்டும் திரும்ப ஏற்றலாம். பார்க்கச் சுற்றுவழி, ஆனால் ஒருமுறைதான். மீடியாவிக்கியைப் பதிப்பு உயர்த்தும் ஒவ்வொரு முறையும் தாய் வகுப்பு மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் கிடைக்காதவை: வார்ப்புரு உரை, நல்ல தரவரிசை, எழுத்துப்பிழைப் பரிந்துரை. இவை வேண்டுமென்றால் அடுத்த கட்டம்தான்.

சிரஸ்சர்ச்

விக்கிப்பீடியா தளங்கள் எல்லாம், தமிழ் விக்கிப்பீடியா உட்பட, சிரஸ்சர்ச் என்ற நீட்சியை (கூடுதல் நிரலை) ஓட்டுகின்றன. அதற்குப் பின்னால் ஒரு தேடுபொறி தனியாக ஓட வேண்டும். மீடியாவிக்கி 1.39-க்குரிய சிரஸ்சர்ச் எதிர்பார்ப்பது எலாஸ்டிக்சர்ச் 7.10.2. ஏன் இந்தப் பழைய பதிப்பு என்று கேட்பவர்களுக்கு: 2021 ஜனவரியில் வந்த அந்தப் பதிப்புக்குப் பிறகு 7.11-லிருந்து எலாஸ்டிக் நிறுவனம் உரிமத்தை மாற்றிவிட்டது. அப்பாச்சி என்ற திறமூல உரிமத்தோடு வந்த கடைசி வரிசை 7.10. புதிய பதிப்பு இருக்கிறதே என்று அதைப் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். எந்த மீடியாவிக்கிக்கு எது என்று சிரஸ்சர்ச்சின் நீட்சிப் பக்கத்தில் அட்டவணை இருக்கிறது, அதன்படியே போங்கள்.

இயந்திரம் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 7.10 நிறுவும்போது ஜாவா ஹீப் (ஜாவா நிரலுக்கு ஒதுக்கும் நினைவகம்) இயல்பாக 1 ஜிபி என்று இருக்கும், சிறிய விக்கிக்கு அது போதும். ஆனால் அதே விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சேவையகத்தில்) வலைச் சேவையகமும் தரவுத்தளமும் இருந்தால் மொத்த நினைவகம் 4 ஜிபியாவது வேண்டும். 2 ஜிபியில் திணித்தால் லினக்ஸ் ஏதோ ஒரு நள்ளிரவில் நினைவகம் போதாமல் ஏதாவது ஒன்றைக் கொன்றுவிடும், அது தரவுத்தளமாகவும் இருக்கலாம். ஹீப்பின் தொடக்க அளவும் உச்ச அளவும் ஒன்றாகவே இருக்கட்டும், நினைவகத்தில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மிச்சப் பாதியை இயங்குதளம் கோப்புத் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும், தேடல் வேகம் அதில்தான் இருக்கிறது.

9200 என்ற போர்ட்டை வெளியே திறக்கவே கூடாது. இந்தப் பதிப்பில் கடவுச்சொல் பாதுகாப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். 127.0.0.1-இல் மட்டும் கட்டிவையுங்கள், ஃபயர்வாலிலும் அடைத்துவிடுங்கள். ஒரே இயந்திரம் என்றால் டிஸ்கவரி வகையை ‘சிங்கிள் நோட்’ என்று போட்டால் கிளஸ்டர் (சேர்ந்து ஓடும் பிற இயந்திரங்கள்) தேடி அலையாது. யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு செருகுநிரலையும் முதலிலேயே நிறுவிவிடுங்கள். பிறகு நிறுவினால் இண்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டிவரும்.

மீடியாவிக்கி பக்கத்து வேலையில் வரிசை முக்கியம். எலாஸ்டிகா, சிரஸ்சர்ச் இரண்டு நீட்சிகளையும் உங்கள் மீடியாவிக்கியின் அதே கிளையிலிருந்து இறக்கி, பிஎச்பியின் கம்போசர் கருவியால் சார்புகளை (அவற்றுக்குத் தேவையான பிற நிரல்களை) நிறுவுங்கள். பிஎச்பியில் கர்ல் இருக்க வேண்டும். லோக்கல்செட்டிங்ஸில் இரண்டையும் ஏற்றிவிட்டு, கூடவே தேடல் புதுப்பிப்பைத் தற்காலிகமாக முடக்கும் ‘டிசேபிள்சர்ச்அப்டேட்’ அமைப்பை இயக்குங்கள். இண்டெக்ஸ் இன்னும் உருவாகாத நேரத்தில் யாராவது ஒரு பக்கத்தைத் தொகுத்தால் எலாஸ்டிக்சர்ச் தானே ஒரு இண்டெக்ஸை ஊகித்து உருவாக்கிவிடாமல் இருக்கத்தான் இது. அடுத்து ‘அப்டேட்சர்ச்இண்டெக்ஸ்கான்ஃபிக்’ நிரல். அது வெற்று இண்டெக்ஸை மொழி அமைப்புகளோடு கட்டும். இப்போது முடக்கத்தை எடுத்துவிடுங்கள்.

பிறகு ‘ஃபோர்ஸ்சர்ச்இண்டெக்ஸ்’ நிரலை இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் முறை இணைப்புக் கணக்கைத் தவிர்த்து உரையை மட்டும் ஏற்றும். இரண்டாம் முறை உரையைப் பாகுபடுத்தாமல், ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன என்று எண்ணி ஏற்றும். அந்த எண்ணிக்கைதான் தரவரிசையில் பெரிய பங்கு வகிக்கிறது. முதல் சுற்றோடு நிறுத்திவிட்டால் தேடல் நடக்கும், முக்கியமான கட்டுரை மட்டும் ஏனோ கீழே கிடக்கும். எல்லாம் ஏறிய பிறகு தேடல் வகையை ‘சிரஸ்சர்ச்’ என்று மாற்றுங்கள். கடைசி வரைக்கும் பழைய தேடலே ஓடிக்கொண்டிருக்கும், வாசகருக்கு எந்த இடைஞ்சலும் இல்லை.

இனி நடப்பவை எல்லாம் வேலை வரிசை வழியாக நடக்கும். ஒரு பக்கத்தைச் சேமித்தால் அதை இண்டெக்ஸில் ஏற்றும் பணி வரிசையில் நிற்கும். மீடியாவிக்கி இயல்பாக இந்தப் பணிகளை வாசகர்களின் வருகையோடு ஒட்டி ஒவ்வொன்றாகச் செய்கிறது. வருகை குறைந்த தளத்தில் வரிசை நீண்டுகொண்டே போகும். அந்த விகிதத்தைச் சுழியாக்கிவிட்டு, ‘ரன்ஜாப்ஸ்’ நிரலை கிரான் (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கருவி) வழியாக ஓட்டுவது நல்லது. ‘நேற்று எழுதிய கட்டுரை தேடலில் வரவில்லை’ என்ற புகாருக்கு ‘ஷோஜாப்ஸ்’ நிரலே முதல் மருந்து. எண் ஆயிரக்கணக்கில் இருந்தால் குறை தேடலில் இல்லை.

எண் குறைந்தும் இண்டெக்ஸ் மாறவில்லையென்றால் வட்டைப் பாருங்கள். வட்டு 95 விழுக்காடு நிரம்பியதும் எலாஸ்டிக்சர்ச் எழுதுவதை நிறுத்தி இண்டெக்ஸைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும். தேடல் நடந்துகொண்டே இருக்கும், புதியவை மட்டும் சேராது. பெரும்பாலும் குற்றவாளி யாரும் அழிக்காத பழைய பதிவுக் கோப்புகளும் காப்புப் பிரதிகளும்தான். சொல்லப்போனால், தேடல் இண்டெக்ஸுக்குக் காப்புப் பிரதியே தேவையில்லை. தரவுத்தளம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

ஒரே எழுத்து, வேறு வேறு குறிகள்

இவ்வளவும் முடிந்தால் திருவள்ளுவர் கிடைத்துவிடுவார். ஸ்ரீரங்கம் பாதிதான் கிடைக்கும்.

‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக எழுதலாம். வழக்கமான ஸகரத்தில் தொடங்குவது ஒன்று. யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். எந்த விசைப்பலகை எதைத் தரும் என்று தட்டுகிறவருக்கே தெரியாது. இரண்டாவது, ரகர மெய். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரைகளில் ‘அவர்’ என்பதன் கடைசி எழுத்து ரகரமாக இல்லாமல் துணைக்காலின்மேல் புள்ளி வைத்ததாக இருக்கும்: ‘அவா்’. செய்தித்தாள் தளங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பத்திகளில் இது ஏராளம். கண்ணுக்குத் தெரியாது, தேடலுக்கு அது வேறு சொல். மூன்றாவது ஔகாரம். ‘கௌரி’யை முறையான ஔகாரக் குறியோடு எழுதுவோரும் உண்டு, ஒற்றைக்கொம்பும் கவும் ளகரமுமாகத் தட்டுவோரும் உண்டு. ஔவையாரின் நிலையும் அதேதான். நான்காவது, அகலமற்ற இணைப்பு, முறிப்புக் குறிகள்: திரையில் தெரியாமல் இரண்டு எழுத்தைச் சேர்க்கவோ பிரிக்கவோ சொல்பவை. சில விசைப்பலகைகள் ‘க்ஷ’ கூட்டெழுத்தாகாமல் இருக்க நடுவில் ஒன்றைச் செருகும், பிடிஎஃப்பிலிருந்து ஒட்டும்போதும் வந்துசேரும்.

ஒகர, ஓகாரங்களுக்கும் இப்படி இரட்டை வடிவம் உண்டு: ஒரே குறியாக அல்லது கொம்பும் துணைக்காலுமாக. அதைப் பற்றிக் கவலை வேண்டாம், உலாவி வழியாகச் சேமிக்கும் எதையும் மீடியாவிக்கி ஒருமுகப்படுத்திவிடும். மேற்சொன்ன நான்கையும் அது தொடாது, ஏனென்றால் யூனிகோடு விதிப்படி அவை உண்மையிலேயே வேறு வேறு.

இவற்றை இண்டெக்ஸுக்குள் மட்டும் ஒன்றாக்கலாம், கட்டுரையைத் தொட வேண்டாம். எலாஸ்டிக்சர்ச்சில் ‘மேப்பிங்’ வகை எழுத்து வடிகட்டி இருக்கிறது. சிரஸ்சர்ச் தன் மொழி அமைப்பைக் கட்டும்போது அதில் கைவைக்க ‘சிரஸ்சர்ச்அனாலிசிஸ்கான்ஃபிக்’ என்ற ஹூக் (நம் நிரலை மாட்டும் இடம்) இருக்கிறது. அதில் இரண்டு வடிகட்டிகளைச் சேருங்கள். முதலாவது அகலமற்ற குறிகளை நீக்குவது மட்டும். இரண்டாவது மாற்றங்களுக்கு. இரண்டையும் ஒரே வடிகட்டியில் போட்டால் நடக்காது: மேப்பிங் ஒரே ஓட்டமாக ஓடும், தான் மாற்றியதை மறுபடி பார்க்காது, நடுவில் அகலமற்ற குறி இருக்கும் ‘ஸ்ரீ’ தப்பிவிடும்.

இரண்டாம் வடிகட்டியில் துணைக்கால்-புள்ளியை ரகர மெய்யாக்குங்கள். தமிழில் துணைக்காலின்மேல் புள்ளி வரவே வராது என்பதால் இதில் ஆபத்து இல்லை. ஶகர ஸ்ரீயை ஸகர ஸ்ரீயாக்குங்கள். ஔகாரத்தில்தான் கவனம் வேண்டும். கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் அதை ஔகாரமாக்கிவிடலாம் என்று கை போகும். போனால் ‘வெள்ளம்’, ‘தெளிவு’, ‘வெளி’ எல்லாம் சிதைந்துவிடும். திசையைத் திருப்புங்கள்: முறையான ஔகாரக் குறியைக் கொம்பும் ளகரமுமாக உடையுங்கள், தனி ‘ஔ’வை ஒகரமும் ளகரமுமாக உடையுங்கள். பார்க்க அசிங்கம், ஆனால் இண்டெக்ஸின் உள்ளே யாரும் பார்ப்பதில்லை. இரண்டு விதமாகத் தட்டியவர்களும் ஒரே இடத்துக்கு வந்துசேர்வார்கள்.

இந்த வடிகட்டிகளை ‘டெக்ஸ்ட்’, ‘டெக்ஸ்ட் சர்ச்’, ‘ப்ளெய்ன்’, ‘ப்ளெய்ன் சர்ச்’ என்ற நான்கு பகுப்பாய்விகளிலும் (உரையைத் தேடத்தக்க சொற்களாக்கும் பகுதிகள்) சேர்க்க வேண்டும். முதல் வகை ஏற்றும்போது, ‘சர்ச்’ என்று முடிவது தேடும்போது. ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் முன்பு கிடைத்ததும் கிடைக்காமல் போகும். சேர்த்தபின் ‘அப்டேட்சர்ச்இண்டெக்ஸ்கான்ஃபிக்’கை மறுஇண்டெக்ஸ் விருப்பத்தோடு ஓட்டினால், பக்கத்தில் புதிய இண்டெக்ஸைக் கட்டி முடித்துவிட்டு பழையதை நீக்கும். ஐசியு ஃபோல்டிங்கை (ஒத்த எழுத்துகளை ஒன்றாக்கும் வசதியை) இயக்குவதாக இருந்தால், எலாஸ்டிக்சர்ச்சின் ‘அனலைஸ்’ முகவரியில் ‘பல்’, ‘பல’ இரண்டையும் கொடுத்து வேறு வேறு டோக்கனாக (இண்டெக்ஸில் ஏறும் சொல்லாக) வருகின்றனவா என்று பார்த்துவிட்டு இயக்குங்கள். எந்த மாற்றத்துக்கும் அந்த முகவரிதான் உரைகல், தேடல் பக்கத்தை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வேற்றுமை உருபும் ஒற்றும்

எலாஸ்டிக்சர்ச் 7.10 கூடவே கொண்டுவரும் மொழிப் பகுப்பாய்விகளில் இந்தி உண்டு, வங்காளம் உண்டு, தமிழ் இல்லை. ‘மதுரை’ தேடினால் ‘மதுரையில்’ வராது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் 12-ஆம் பதிப்பிலிருந்து ஸ்னோபால் தொகுப்பு வழித் தமிழ் வேர்ச்சொல் பிரிப்பி சேர்ந்திருக்கிறது, போஸ்ட்கிரெஸில் தேடல் கட்டுகிறவர்கள் அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். நமக்கு இங்கே கையால் சில விதிகள்தான்.

முதல் விதி இலக்கணமே இலவசமாகக் கொடுப்பது. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. ‘தமிழ்ப் படம்’, ‘மதுரைக் கோயில்’, ‘அதைத் தேடு’ என்று சொல்லின் கடைசியில் க், ச், த், ப் நின்றால் அது அடுத்த சொல்லுக்காக வந்த ஒற்று. ஆனால் தேடுபொறி இடைவெளியில் வெட்டுவதால் ‘தமிழ்ப்’ என்பதைத் தனிச் சொல்லாக ஏற்றிவைத்திருக்கும். ‘பேட்டர்ன் ரீப்ளேஸ்’ டோக்கன் வடிகட்டியில், டோக்கனின் கடைசியில் இந்த நான்கு மெய்களில் ஒன்று இருந்தால் நீக்கு என்று ஒரே வரி போதும். இவ்வளவு சிறிய விதிக்கு இவ்வளவு பலன் வேறு எதிலும் இல்லை. பிறமொழிச் சொற்கள் அடிபடும்: ‘யூடியூப்’ ‘யூடியூ’ ஆகிவிடும். ஏற்றும்போதும் தேடும்போதும் ஒரே மாதிரி அடிபடுவதால் பொருத்தம் கெடாது. ‘கிளிக்’ தேடுகிறவருக்குக் கிளிகளும் வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஐகாரத்தில் முடியும் பெயர்கள். யில், யிலிருந்து, யின், யை, க்கு, யும் ஆகியவை இணைக்கொம்பை அடுத்து டோக்கனின் கடைசியில் வந்தால் நீக்கலாம். ஊர்ப்பெயர்களும் கலைச்சொற்களும் இதில் நிறையச் சேர்ந்துவிடும்.

மூன்றாவது மகர ஈறு: த்தில், த்தின், த்தை, த்துக்கு, த்திற்கு என்று முடிந்தால் அதை நீக்கி ‘ம்’ சேர்ப்பது. ‘மரத்தில்’ மரமாகும், ‘கூட்டத்தில்’ கூட்டமாகும். இங்கே உதை விழும். ‘எழுத்தில்’ இந்த விதிக்குள் போய் ‘எழும்’ ஆக வெளியே வரும். ‘சொத்தில்’ ‘சொம்’ ஆகும். ‘ங்கள்’ என்பதையும் சேர்த்தால் ‘நீங்கள்’, ‘திங்கள்’ எல்லாம் உருக்குலையும். நீக்கிய பிறகு மூன்று குறியாவது மிஞ்ச வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தால் குட்டிச் சொற்கள் தப்பும், ‘எழுத்தில்’ தப்பாது.

இந்தச் சேதாரத்தைச் சிரஸ்சர்ச் தாங்கிக்கொள்ளும் விதம் நன்று. ஒவ்வொரு உரையையும் அது இரண்டு முறை ஏற்றுகிறது: ‘டெக்ஸ்ட்’ புலத்தில் உருமாற்றியும், ‘ப்ளெய்ன்’ புலத்தில் அப்படியேயும். ஆகவே உருபு விதிகளை டெக்ஸ்ட் பகுப்பாய்விகளில் மட்டும் சேருங்கள், ப்ளெய்னில் ஒருபோதும் வேண்டாம். சொல் அப்படியே பொருந்தும் பக்கங்கள் இரண்டு புலத்திலும் மதிப்பெண் வாங்கி மேலே நிற்கும், தவறாகச் சேர்ந்தவை கீழே போகும். மேற்கோள் குறிக்குள் தேடினால் ப்ளெய்ன் மட்டுமே பார்க்கப்படும், ‘கிளிக்’ தேடுகிறவருக்கு அங்கே கிளி வராது.

‘வள்ளுவரை’, ‘அவனை’ என்று மெய்யீற்றில் சேரும் ஐ உருபை வெட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ‘கட்டுரை’, ‘மதுரை’, ‘யானை’ எல்லாம் அதே வாலோடு நிற்கின்றன.

கருவி இல்லாமல் தீர்பவை

கிரந்த எழுத்து வேறுபாட்டை விதியால் தீர்க்க முயல வேண்டாம் என்பது என் எண்ணம். ஜகரத்தைச் சகரமாகவும் ஹகரத்தைக் ககரமாகவும் ஆக்கும் வடிகட்டி, தீர்ப்பதைவிடக் குழப்புவது அதிகம். ‘ஷேக்ஸ்பியர்’, ‘சேக்சுபியர்’ இரண்டுக்கும் வழிமாற்றுப் பக்கம் போட்டால் முடிந்தது. சிரஸ்சர்ச் வழிமாற்றுத் தலைப்புகளையும் மூலப் பக்கத்தோடு சேர்த்தே ஏற்றுகிறது. ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்கும் இதே வழிதான். முடிவு கிடைக்காத தேடல்களைச் சேவையகப் பதிவிலிருந்து வாரம் ஒருமுறை எடுத்து, அதிகம் வருபவற்றுக்கு வழிமாற்று எழுத ஒரு தொகுப்பாளர் போதும்.

பெயர்வெளியை (பக்கங்களை வகை பிரிக்கும் தலைப்பு முன்னொட்டை) பாருங்கள். நீங்களாக உருவாக்கிய ‘நூல்’, ‘ஆவணம்’ போன்ற பெயர்வெளிகள் இயல்புத் தேடலில் சேராது. ‘நேம்ஸ்பேசஸ்டுபிசர்ச்டுடிஃபால்ட்’ அமைப்பில் அவற்றின் எண்ணைச் சேர்த்தால்தான் வரும். பிடிஎஃப்ஹேண்ட்லர் நீட்சியும் இருந்தால் ஏற்றிய பிடிஎஃப்களின் உரையையும் சிரஸ்சர்ச் எடுத்துக்கொள்ளும், ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பிடிஎஃப்பின் உள்ளே இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளின் குவியல். அவற்றை மாற்றிவிட்டு ஏற்றுவதே வழி.

டோகுவிக்கி என்ற இன்னொரு விக்கி மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு 84 எழுத்துத் தொல்லை இல்லை, அது கோப்புகளிலேயே இண்டெக்ஸை வைத்துக்கொள்கிறது. ஆனால் அங்கே ஒரு பக்கத்தை யாராவது உலாவியில் திறக்கும்போதுதான் அது இண்டெக்ஸில் ஏறும். மொத்தமாகக் கோப்புகளை எஃப்டிபியில் ஏற்றிவிட்டு தேடினால் ஒன்றும் வராது. ‘பின்’ (bin) என்ற அடைவில் உள்ள ‘இண்டெக்சர்’ நிரலை ஓட்டிவிடுங்கள். விக்கியை நிலையான எச்டிஎம்எல்லாக மாற்றி லூனர் மாதிரி உலாவித் தேடலை வைப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: அதன் இயல்பான ‘ட்ரிம்மர்’, ஆங்கில எழுத்தும் எண்ணும் அல்லாதவற்றைச் சொல்லின் இரு முனையிலிருந்தும் சீவுகிறது. தமிழ்ச் சொல்லை முழுதாகச் சீவிவிடும். ட்ரிம்மரை எடுத்துவிட்டுத்தான் இண்டெக்ஸ் கட்ட வேண்டும்.

சில பக்கங்களை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று நீட்சிகளால் பூட்டி வைத்திருக்கும் தளங்கள் தேடலை இயக்கும்முன் வெளியேறிய நிலையில் நின்று, அந்தப் பூட்டிய பக்கத்தில் மட்டும் இருக்கும் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். மீடியாவிக்கி பக்கவாரிப் பூட்டுக்காக எழுதப்பட்டதல்ல. பக்கம் திறக்காது, ஆனால் தேடல் முடிவில் இரண்டு வரி உரை எட்டிப் பார்க்கலாம். அப்படி எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கங்களைத் தனி விக்கிக்கு மாற்றுவதைத் தவிர உறுதியான வழி இல்லை.